ஒன்பது வருடக் கம்ப்யூட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 68 வயது. வீட்டில் இருப்பது 2017-இல் உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப். இன்டெல் கோர் ஐ5 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பென்ஷன் வேலை, பேங்க், ஈபி பில், தமிழில் கட்டுரை தட்டச்சு, பேரனோடு வீடியோ கால், யூடியூபில் கச்சேரி. இவ்வளவுதான் உபயோகம். தெருவில் யாருக்காவது பட்டா நகல் எடுக்க வேண்டும், பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம் போட வேண்டும் என்றால் இவரிடம்தான் வருகிறார்கள். காசு வாங்காமல் செய்துகொடுக்கிறார்.

ஒரு வருடமாக சிஸ்டம் படுத்துகிறது. காலையில் ஆன் செய்தால் டெஸ்க்டாப் வந்து நிற்க எட்டு நிமிடம். பிரௌசரில் நாலு டேப் திறந்தால் மவுஸ் அம்பு நகர மறுக்கிறது. சில நாள் காலையில் தேதி 2016 ஜனவரி என்று காட்டுகிறது. அன்றைக்குப் பேங்க் தளம் திறக்காமல், இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று எச்சரிக்கை வருகிறது. கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்கிறது.

கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "சிஸ்டம் பழசாயிடுச்சு சார். விண்டோஸ் 10-ஐ நிறுத்திட்டாங்க, அதனாலதான் பேங்க் சைட் ஓபன் ஆகல" என்று சொல்லி, 62,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். பழையதை 2,500 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்வாராம். பெங்களூரில் இருக்கும் மருமகன், "எங்கள் ஆபீஸில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவோம், நீங்கள் ஒன்பது வருடம் ஓட்டியதே பெரிது" என்கிறார். கல்லூரியில் படிக்கும் பேரன், ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் ஸ்பீடாகிவிடும் என்கிறான். பேங்கில் இருக்கும் வைப்புத் தொகையை உடைத்துப் புதிதாக வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறார். மனைவிக்கு அதில் சம்மதமில்லை.

அவருடைய கேள்விகள் மூன்று. இப்போது புது சிஸ்டம் அவசியமா? விண்டோஸ் 10-ஐ வைத்துக்கொண்டு பணம் கையாள்வது ஆபத்தா? சாதாரண வீட்டு உபயோகத்துக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

வைப்புத் தொகையை உடைக்க வேண்டாம். அம்மா சொல்வது சரி. ஆனால் உங்கள் சிஸ்டத்தில் ஒன்றுமே பழுதில்லை என்றும் நான் சொல்லப்போவதில்லை. இரண்டு மூன்று பாகங்களுக்கு உண்மையிலேயே வயதாகிவிட்டது. மற்றவை நன்றாக இருக்கின்றன. எது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

கடிதத்தோடு, திரையை மொபைலில் படம் பிடித்து அனுப்பியிருந்தீர்களே, அதிலேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருகிற டாஸ்க் மேனேஜர் அது. சிஸ்டம் ஹேங் ஆன நேரத்தில் எடுத்திருக்கிறீர்கள். அதில் பிராசசர் 14 சதவீதம், மெமரி 91 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம் என்று இருக்கிறது. பழசாகிவிட்டது என்று சொல்லப்பட்ட பிராசசர் ஏழில் ஒரு பங்கு வேலைகூடச் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மூச்சு வாங்குவது ஹார்டு டிஸ்க்.

சிஸ்டம் எங்கே காத்திருக்கிறது

ஹார்டு டிஸ்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. வேண்டிய கோப்பு இருக்கும் இடத்துக்கு ஒரு சின்னக் கை நகர்ந்து போய், அந்த இடம் சுற்றி வரும்வரை நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு மில்லி செகண்ட் ஆகிறது. கேட்கச் சின்னதாக இருக்கலாம். கணக்குப் போட்டால், ஒரு செகண்டில் அது போய்த் தேட முடிவது ஏறக்குறைய நூறு இடங்கள்தான். விண்டோஸ் ஆன் ஆகும்போது அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிக்கிறது. உங்கள் எட்டு நிமிடம் அங்கேதான் போகிறது. ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடக்கூடிய, சிப்பிலேயே கோப்புகளை வைக்கும் எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே இல்லை. அதே தேடல் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும்.

இதோடு ராமும், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரியும் சேர்ந்துகொள்கிறது. 4 ஜிபி ராமில் விண்டோஸும் ஆன்டிவைரஸும் உட்கார்ந்தது போக, பிரௌசருக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம். இடம் போதாமல் போனதும் விண்டோஸ், இப்போதைக்கு வேண்டாதவற்றை ஹார்டு டிஸ்கில் கொண்டுபோய் வைக்கிறது. அடுப்படியில் இடமில்லை என்று பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு கரண்டிக்கும் ஏணி வைத்து ஏறி இறங்குவது மாதிரிதான். ராம் குறைவு, டிஸ்க் மெதுவு என்ற இரண்டு குறையும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. நாலாவது டேப்பில் மவுஸ் நின்றுபோவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒரு 256 ஜிபி அல்லது 512 ஜிபி சாட்டா (உங்கள் ஹார்டு டிஸ்க் இணைந்திருக்கும் அதே வகை) எஸ்எஸ்டி, அப்புறம் ஒரு 8 ஜிபி ராம் ஸ்டிக். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. உலகெங்கும் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை மொத்தமாக வாங்கிக் குவிப்பதுதான் காரணம். அதனால் புது ஸ்டிக்கின் விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஆபீஸ்களில் கழித்த சிஸ்டங்களிலிருந்து எடுத்த ஸ்டிக், சோதித்துப் பார்த்து வாங்கினால், உங்கள் உபயோகத்துக்குப் போதும். இரண்டில் ஒன்றுதான் இப்போது முடியும் என்றால் எஸ்எஸ்டியை முதலில் போடுங்கள்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஆறாம் தலைமுறை பிராசசருக்கான மதர்போர்டுகளில் (எல்லாப் பாகமும் வந்து பொருந்தும் பலகை) டிடிஆர்3 ராம் எடுப்பவையும் உண்டு, டிடிஆர்4 எடுப்பவையும் உண்டு. ஒன்றுக்குச் செதுக்கிய வெட்டு மற்றொன்றின் ஸ்லாட்டில் பொருந்தாது. இருக்கும் ஸ்டிக்கைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். இன்னொன்று, செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபவுட்' என்று போனால் உங்கள் விண்டோஸ் 32-பிட் வகையா, 64-பிட் வகையா என்று தெரியும். 4 ஜிபி சிஸ்டங்களுக்குப் பல கடைகளில் 32-பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுத்த காலம் அது. 32-பிட்டாக இருந்தால் எவ்வளவு ராம் சேர்த்தாலும் 4 ஜிபிக்கு மேல் அது பயன்படுத்தாது. அப்போது 64-பிட்டாகப் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும்.

சில வருடம் முன்பு ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று புது சிஸ்டம் வாங்கியிருந்தார்கள். பழையதைவிடக் கொஞ்சம்தான் வேகம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். பிராசசர் புதுசு, போர்டு புதுசு, உள்ளே இருந்தது அதே சுற்றுகிற ஹார்டு டிஸ்க். அவ்வளவு பணம் கொடுத்தும், காத்திருக்கும் இடம் அப்படியே இருந்தது. எஸ்எஸ்டி மாற்றிய அன்றைக்கு அங்கே கணக்கு எழுதும் பெண், "சார், நான் டீ வாங்கிட்டு வர்றதுக்குள்ள இது ஆன் ஆகாது, இப்ப உட்கார்றதுக்குள்ள ஆயிடுது" என்றார்.

பேரனிடம் அன்பாகச் சொல்லுங்கள்: கிராபிக்ஸ் கார்டு உங்கள் தடங்கலைத் தொடவே தொடாது. யூடியூபும் வீடியோ காலும் உங்கள் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் நன்றாக ஓடும். பெரிய கார்டு மின்சாரம் நிறைய இழுக்கும். ஒன்பது வருடப் பழைய எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) அதைத் தாங்காமல் போகலாம்.

அந்தப் பேங்க் தளம் ஏன் திறக்கவில்லை

இது எனக்கு வருத்தம் தந்த இடம். தேதி 2016-க்குப் போகிற நாளில் மட்டும் பேங்க் தளம் திறப்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோயைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், பெயர்தான் தெரியவில்லை.

மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் போல ஒரு காயின் பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அது. நீங்கள் தினமும் படுக்கும் முன் ஸ்விட்ச் போர்டையே அணைத்துவிடுகிறவர் (நல்ல பழக்கம்தான்). ஒன்பது வருடத்தில் அந்தப் பேட்டரி தீர்ந்திருக்கிறது. காலையில் கடிகாரம் போர்டு தயாரான காலத்துத் தேதிக்குத் திரும்பிவிடுகிறது. பேங்க் தளம் தன் பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டும்போது, அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று பிரௌசர் சரிபார்க்கும். உங்கள் சிஸ்டத்தின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! அதனால் மறுக்கிறது. பிரௌசர் செய்தது சரிதான்.

இந்த பேட்டரி கைக்கடிகாரம் பழுது பார்க்கிற கடையில்கூடக் கிடைக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் முடிந்துவிடும். மாற்றியபின் தேதியை ஒருமுறை சரிசெய்தால் போதும்.

கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். எச்சரிக்கையைப் பார்த்ததும் விண்டோஸ் 10 என்று நினைத்திருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை நம்பி 62,000 ரூபாய் கொடுக்க வேண்டாம்.

விண்டோஸ் 10 பயம் எவ்வளவு நியாயம்

இந்த பயத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் உங்களிடம் சொல்லப்பட்ட விதத்தில் இல்லை. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்காக சிஸ்டம் நின்றுபோகாது, தளங்களும் மூடிக்கொள்ளாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகள் வழக்கமான வழியில் வராது, அதுதான் விஷயம். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. அதற்குப் பிறகும் குரோம் பிரௌசர் ஏறக்குறைய மூன்று வருடம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 10-இல் எட்ஜ் பிரௌசருக்கு 2028 அக்டோபர் வரையாவது அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது.

ஆனாலும் பென்ஷன் பணம் வரும் கணக்கை, அப்டேட் இல்லாத சிஸ்டத்தில் திறப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு வழி இருக்கிறது. வீட்டு உபயோகக்காரர்களுக்காகக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்று இருக்கிறது. 2026 அக்டோபர் 13 வரை செல்லும். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸ் விவரங்களை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. அப்டேட் பக்கத்திலேயே பதிவுசெய்யும் இணைப்பு வரும். வராவிட்டால் நிலுவையில் இருக்கும் அப்டேட்டுகளை முடித்துவிட்டு மறுபடி பாருங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள்.

விண்டோஸ் 11 உங்கள் சிஸ்டத்துக்கு முறைப்படி கிடைக்காது. பாதுகாப்புக்கான டிபிஎம் சிப் இல்லாததால் என்று யாராவது சொல்லி ஒரு சின்ன போர்டு வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். தடுப்பது பிராசசர் பட்டியல். இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் உள்ளவைதான் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. குறுக்கு வழியில் நிறுவ முடியும், பலர் செய்கிறார்கள். ஆனால் ஆதரவில்லாத பிராசசருக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விளையாட்டுக்கு வைத்திருக்கும் சிஸ்டம் என்றால் செய்து பார்க்கலாம். பணம் கையாளும் சிஸ்டத்துக்கு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது

ஐயா, உங்கள் கடிதத்தில் எனக்குப் பதற்றம் தந்தது வேறொரு வரி. 'டி டிரைவில் 2009 முதல் எழுதிய கட்டுரைகளும், பேத்தியின் பிறந்தநாள் படங்களும், தெருக்காரர்களின் ஆதார், பட்டா நகல்களும் இருக்கின்றன' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வேறெங்கும் பிரதி இருப்பதாக எழுதவில்லை.

ஒன்பது வருடம் ஓடிய ஹார்டு டிஸ்க் நாளைக்கே நிற்கலாம், இன்னும் மூன்று வருடமும் ஓடலாம். யாராலும் சொல்ல முடியாது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலத்தில் 'குட்' என்று வந்தால் சரி; மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் அன்றைக்கே பிரதி எடுத்துவிட வேண்டும். 'குட்' வந்தாலும் பிரதி எடுங்கள். ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கி, டி டிரைவ் முழுவதையும் அதில் போட்டு, பீரோவில் வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் புதுக் கோப்புகளைச் சேருங்கள். எஸ்எஸ்டி போட்ட பிறகும் இது வேண்டும். ஹார்டு டிஸ்க் சாகும் முன் பல நேரம் டிக் டிக் என்று சத்தம் கொடுக்கும். எஸ்எஸ்டி சத்தமே இல்லாமல் போய்விடும்.

எக்ஸ்சேஞ்ச் விஷயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எந்தக் காலத்திலும் பழைய சிஸ்டத்தை ஹார்டு டிஸ்கோடு கடையில் கொடுக்காதீர்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், அவசரமாக ஃபார்மேட் போட்டாலும், உள்ளே கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அட்டவணை மட்டும்தான் அழியும். இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளால் எடுத்துவிடலாம். உங்களை நம்பி ஆதார் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2,500 ரூபாய்க்கு அவர்கள் நம்பிக்கையும் சேர்ந்து போகக்கூடாது. டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம். வேலை முடிந்த பிறகு அடுத்தவர் நகல்களை அழித்துவிடும் பழக்கமும் நல்லது.

கேபினெட் ஜிவ்வென்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் சுவர் பிளக்கில் எர்த் இல்லாததுதான் காரணம். மூன்று பின் பிளக்கில் பெரிய பின் போகும் துளைக்குப் பின்னால் வயரே இணைக்காமல் விட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். புது சிஸ்டம் வாங்கினாலும் அதே பிளக்கில் அதுவும் ஜிவ்வென்றுதான் சொல்லும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஈரக் கையோடு, வெறுங்காலோடு தொட வேண்டாம்.

மூன்று வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது

மருமகன் சொன்னதில் பொய் இல்லை. கம்பெனிகள் மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்றுகின்றன. வாரன்டி முடிந்த சிஸ்டம் ஒன்று நின்றால் ஒரு ஊழியரின் அரை நாள் போகும். நூற்றுக்கணக்கான சிஸ்டங்களை ஒரே மாதிரி வைத்திருப்பது நிர்வாகத்துக்கும் சுலபம். வருமான வரிக் கணக்கிலும் கம்ப்யூட்டருக்கு வருடம் 40 சதவீதம் தேய்மானம் காட்ட முடியும். அந்தக் காரணம் ஒன்றும் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் சிஸ்டத்துக்குப் பொருந்தாது.

உங்களுக்கே அந்த எண்ணம் வந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. 2002, 2009, 2017 என்று மூன்று முறை வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் பெரிய மாற்றம் தெரிந்தது என்கிறீர்கள். தெரிந்திருக்கும். 1993-இல் இன்டெலின் பென்டியம் பிராசசர் வந்தபோது அதன் வேகம் 60 மெகாஹெர்ட்ஸ். 2000-இல் பிராசசர் வேகம் 1 கிகாஹெர்ட்ஸை, அதாவது 1,000 மெகாஹெர்ட்ஸைத் தொட்டது. 2004-இல் பென்டியம் 4-இன் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். பத்துப் பதினோரு வருடத்தில் அறுபது மடங்கு! அன்றைக்கு மூன்று வருடப் பழைய சிஸ்டத்தில் புது மென்பொருள் ஓடவே ஓடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் சூடு தாங்கவில்லை. அதனால் ஒரு பிராசசருக்குள் இரண்டு, நாலு என்று கோர்களை (தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளை) சேர்க்க ஆரம்பித்தார்கள். கடிதம் அடிப்பதற்கும் பில் கட்டுவதற்கும் நாலு கோரே அதிகம். உங்கள் 2002 சிஸ்டத்தில் 128 எம்பி ராம், 2009-இல் 2 ஜிபி என்றால் பதினாறு மடங்கு. 2009-க்கும் 2017-க்கும் இடையில் வெறும் இரண்டு மடங்கு. பழைய கால அனுபவம் உண்மை, காலம்தான் மாறிவிட்டது.

ஆகவே எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று ஒரு எண் கேட்டால் என்னால் தர முடியாது. வீட்டு உபயோகத்தில் பாகம் பாகமாகத்தான் வயதாகிறது. யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடம் வந்தால் பெரிது. காயின் பேட்டரி இன்னும் கொஞ்சம் கூட. ஹார்டு டிஸ்கை ஐந்து வருடத்துக்கு மேல் நம்பி இருக்கக் கூடாது. விசிறியில் அடையும் தூசியை வருடம் ஒருமுறை எடுத்தால் பிராசசரும் போர்டும் பத்துப் பன்னிரண்டு வருடம்கூடத் தாராளமாக ஓடும். முழு சிஸ்டத்தையும் மாற்ற வேண்டியது போர்டு போனால், அல்லது பாதுகாப்பு அப்டேட்டுக்கு வேறு வழியே இல்லையென்றால்.

அக்டோபருக்குப் பிறகு என்ன

அந்த இரண்டாவது நிலை உங்களுக்கு 2026 அக்டோபரில் வரும். இதை மறைத்து வெறும் எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள் என்றால் அது நியாயமான ஆலோசனை ஆகாது. 'அப்படியானால் இப்போது போடும் பணம் வீண்தானே?' என்று அம்மா கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

வீணாகாது, ஒரு விஷயத்தைக் கவனித்தால். கம்பெனிகள் மூன்று ஐந்து வருடத்தில் கழிக்கும் டெஸ்க்டாப்கள், துடைத்துச் சோதித்து, சென்னை ரிட்சி தெரு போன்ற இடங்களில் விற்பனைக்கு வருகின்றன. பெரிய ஊர்களில் எல்லாம் இப்போது இத்தகைய கடைகள் உண்டு. எட்டு முதல் பத்தாம் தலைமுறை வரையிலான ஐ5 சிஸ்டம் ஒன்று உங்களுக்குத் தாராளம். விண்டோஸ் 11 முறைப்படி ஓடும். உங்கள் போர்டு டிடிஆர்4 என்றால், இப்போது வாங்கும் ராமும் எஸ்எஸ்டியும் அப்படியே அதற்கு மாறிக்கொள்ளும். ஒன்று மட்டும்: உள்ளங்கை அகலத்தில் வருகிற மினி சிஸ்டங்களில் லேப்டாப் ராம்தான் பொருந்தும், உங்களுடையது பொருந்தாது. டவர் அல்லது சின்ன டெஸ்க்டாப் கேபினெட்டாக எடுங்கள். உங்கள் போர்டு டிடிஆர்3 என்றால் ராம் அதனோடு நின்றுவிடும். அப்போது எஸ்எஸ்டி மட்டும் போட்டுக்கொண்டு அக்டோபர் வரை ஓட்டுங்கள். வாங்கும்போது கடையிலேயே ஆன் செய்து, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போதிலிருந்து மாதம் கொஞ்சம் எடுத்து வைத்தால் வைப்புத் தொகையைத் தொடாமலே வாங்கிவிடலாம்.

மீதமாகும் பழைய சிஸ்டத்தில் லினக்ஸ் மின்ட் போட்டால் அது பாதுகாப்பாக இன்னும் பல வருடம் ஓடும். தமிழ் தட்டச்சும் நன்றாக வரும். உங்களுக்கு இப்போதே அதைச் சொல்லியிருப்பேன். ஆனால் பல வருடமாகப் பழகிய தட்டச்சு மென்பொருளையும், பழைய எழுத்துருவில் இருக்கும் கட்டுரைகளையும் விட்டுவிட்டு 68 வயதில் புதிதாகப் பழகச் சொல்ல மனம் வரவில்லை. பேரனுக்கு ஆர்வம் இருந்தால் அவன் அதில் கற்றுக்கொள்ளட்டும். கிராபிக்ஸ் கார்டைவிட அது அவனுக்கு உபயோகமாக இருக்கும்.

கடைக்குப் போகும்போது

அதே கடையில் இந்த வேலையைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் எதிரிலேயே செய்யச் சொல்லுங்கள். விண்டோஸைப் புதிதாகப் போடாமல், இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்யக் கேளுங்கள்; எழுத்துருவும் கீபோர்டு மென்பொருளும் தப்பிக்கும். 32-பிட்டாக இருந்தால் மட்டும் இது பொருந்தாது. கழற்றிய பாகம் உங்களுடையது, அதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் எஸ்எஸ்டியின் சீரியல் எண்ணும் வாரன்டி காலமும் இருக்கட்டும். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பேசிப் பார்த்தும் சரிவராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். பெரும்பாலும் பில் கேட்டாலே போதும், பேச்சு மாறிவிடும்.

வரிசை இதுதான்: முதலில் எர்த், அப்புறம் பிரதி, அப்புறம் காயின் பேட்டரி, அதன்பின் அப்டேட் பதிவு, கடைசியாக எஸ்எஸ்டியும் ராமும். பேட்டரி மாற்றிய அன்று இரவு வழக்கம் போல ஸ்விட்ச் போர்டை அணைத்துவிட்டுப் படுங்கள். காலையில் ஆன் செய்ததும் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். சரியாக இருந்தால் பேங்க் தளம் திறக்கும். மறுபடியும் 2016 என்று காட்டினால் எனக்கு எழுதுங்கள். அப்போது போர்டையே பார்க்க வேண்டியிருக்கும், என் பதிலும் மாறும்.